நாங்கள் எரித்த கிணறு

பணி ஓய்வு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தபோது "எல்லாருக்கும் வணக்கம், நன்றி" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவில் சொல்ல வேண்டியதை எழுதியாவது கொடுங்கள் என்று சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். காகிதம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். பிழை இருந்தால் அச்சடிப்பதற்கு முன் திருத்திக்கொள்ளுங்கள்.

இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜிங் பகுதியின் உலைக்கு இப்போது குழாயில் எரிவாயு வருகிறது. வால்வைத் திருகினால் நெருப்பு. எங்கள் கேஸ் பிளான்ட்டை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அது நின்ற இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் தரையில் இருக்கும் வட்டமான கான்கிரீட்டைக் காட்டி, "இங்க என்னாண்ணா இருந்துச்சி, தண்ணித் தொட்டியா?" என்று கேட்கிறார்கள். ஒரு கோடை முழுவதும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

அங்கே நின்றது கரியை வாயுவாக மாற்றும் ஓர் இரும்பு உருளை. தாங்கும் தூண்களும் மேலே கரிக்கூடும் சேர்த்து மூன்று மாடி உயரம். மேலே கரியைக் கொட்டுவோம். அடியிலிருந்து காற்றையும் நீராவியையும் கலந்து ஊதுவோம். கரியை முழுதாக எரிய விடாமல் அரைகுறையாக எரிய விட்டால், எரியக்கூடிய வாயு மேலே வரும். அதைக் குழாயில் உலைக்கு அனுப்பி இரும்புத் துண்டுகளைச் சூடாக்குவார்கள். எங்களுக்கு வந்தது மட்டமான கரி. "பாதி கல்லு, பாதி மண்ணு, மிச்சந்தாம்லே கரி" என்பான் என்னோடு வேலை செய்த முருகேசன். அவன் திருநெல்வேலிப் பக்கம். கணக்கில் கொஞ்சம் தாராளம்.

நான் நாகரசம்பட்டியில் மாந்தோப்புக் காவலுக்கு இருந்தவன். சூளகிரியில் கம்பெனி வருகிறது என்று கேள்விப்பட்டு வந்தேன். சில வருடம் கரி அள்ளினேன். சில வருடம் சாம்பல் தள்ளினேன். பிறகு கையில் கம்பியைக் கொடுத்தார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

கம்பியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். உருளைக்குள் நெருப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. உச்சியில் வட்டமாகச் சிறு துளைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. நீராவியைத் திறந்துவிட்டுத்தான் மூடியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் வாயு முகத்தில் அடிக்கும். அந்த வாயுவுக்கு நிறமில்லை. முதலில் தலைவலி வரும், அப்புறம் தூக்கம் வரும், அப்புறம் ஒன்றும் வராது. அதனால் உச்சிக்கு யாரும் தனியாக ஏறக் கூடாது. ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு நீளமான கம்பியைத் துளைக்குள் விட்டு, அடித்தட்டைத் தொடும்வரை இறக்கி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருப்போம். உருவினால் கம்பி ஒரு கடிதம் மாதிரி. நுனிப்பக்கம் கறுப்பாக இருந்தால் அது சாம்பல். அதற்கு மேல் சிவந்திருப்பது நெருப்பு. அதற்கு மேல் மறுபடி மங்கினால் அது இன்னும் வேகாத கரி. சிவப்பு அகலமாகி வெளுத்தால் நீராவி போதவில்லை. சாம்பல் உருகிப் பாறையாகக் கட்டிக்கொள்ளும். சிவப்பு மங்கிச் சுருங்கினால் நீராவி அதிகம். நெருப்பு அணையப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் வேலை.

பிளான்ட் மேனேஜர் மஞ்சுநாத் சார், பெங்களூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். கன்னடம் கலந்த தமிழ். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் முன்னால் வேஸ்ட் என்ற சொல்லைச் சொன்னால், "யாருக்கு?" என்று கேட்பார். கரித்தூள் வேஸ்ட் சார் என்றாலும் "யாருக்கு?"தான். அந்தத் தூளைக் களிமண்ணோடு பிசைந்து உருண்டை பிடித்து உருளைக்குள் போட வைத்தார். வாயுவிலிருந்து பிரியும் தார் பாய்லரில் எரிக்கப் போனது. சாம்பல் ஹாலோபிளாக் போடுகிறவர்களுக்குப் போனது.

தினமும் வந்தவுடன் சாம்பல் மேட்டுக்குத்தான் போவார். ஒரு கட்டியைப் பொறுக்குவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். உடைப்பார். உள்ளே கறுப்பு இருந்தால், எரியாத கரியைச் சாம்பலோடு வெளியே தள்ளியிருக்கிறோம் என்று அர்த்தம். அந்தக் கட்டியைக் கொண்டுபோய் எந்த ஷிப்டோ அந்த சூப்பர்வைசர் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால் மறந்திருப்பார்கள். கட்டி சாயங்காலம் வரை மேசையில் இருக்கும்.

அவருக்கும் அடங்காமல் இருந்தது ஒன்றுதான். வாயுவைக் குளிரவைக்கும்போது தேநீர் நிறத்தில் தண்ணீர் வடியும். பினாயில் தண்ணி என்போம். வாடை அப்படி. விஷம். வெளியே ஒரு சொட்டும் விடக் கூடாது. உலையிலிருந்து போகும் சூட்டில் அதைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியையே காற்றோடு சேர்த்து மறுபடி உருளைக்கு அடியில் ஊதுவோம். நெருப்புக்குள் போனால் விஷம் எரிந்துபோகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைக்காலத்தில் கரி நனைந்து வரும். பினாயில் தண்ணீர் கூடும். தொட்டி நிரம்பும்.

ஒரு மழைக்காலத்தில் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். உருளையின் அடியில் வாயு கசியாமலிருக்க ஒரு பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீர் நிற்கும். சாம்பல் அதற்குள் விழுந்து நனைந்துதான் வெளியே வரும். அதுவரை அதற்குப் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம். அதற்குப் பதில் பினாயில் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தொட்டி நிரம்புவது நின்றது, போர் தண்ணீரும் மிச்சமானது. கம்பெனியில் அவருக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள்.

கம்பெனிச் சுவரை ஒட்டி முனியப்பண்ணன் நிலம். தக்காளி போடுவார். நிலத்தின் ஓரத்தில் வரிசையாக வீடு கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஒன்றில் நானும் என் மனைவி செல்வியும் இருந்தோம். தோட்டத்துக்கும் வரிசை வீடுகளுக்கும் ஒரே கிணறு. நிலம் அவர் மனைவி ரத்னம்மாக்கா பெயரில். அக்கா எங்களோடு தமிழில் பேசுவார். திட்டுவது மட்டும் தெலுங்கில்.

அந்த வருட மழையில் கிணற்றைச் சுற்றி ஒரே சேறு. தண்ணீர் எடுக்கப் போனால் கால் முழங்கால் வரை புதைந்தது. முனியப்பண்ணன் சாரிடம் கன்னடத்தில் சாம்பல் கேட்டார். சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். சாம்பலைத் தேடிக்கொண்டு ஆள் வந்தால் அவருக்கு வேறென்ன வேண்டும். முனியப்பண்ணன் தன் டிராக்டரிலேயே ஏற்றிக்கொண்டுபோய்க் கிணற்றைச் சுற்றிலும், மேட்டுப்பக்கப் பாதை நெடுகவும் கொட்டினார். கால் நனையாமல் நடந்தோம்.

மழை விட்டுச் சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏன் கோவிந்தா, கம்பெனில என்னாத்தத் தொறந்து உடறீங்க?"

"ஒண்ணும் உடறதில்லீங்கக்கா."

"அப்பறம் தண்ணி ஏன் நாறுது?"

சாரிடம் தகவல் போனது. அவர், முருகேசன், நான் மூன்று பேரும் போய்க் கிணற்றடியில் நின்றோம். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சார் முகர்ந்து பார்த்தார். முருகேசன் முகர்ந்து பார்த்தான். நான் முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. மனதறிந்து பொய் சொல்லவில்லை. எங்களுக்கு வாடை வரவில்லை.

அக்கா சொம்பை வாங்கிக்கொண்டார். "மூக்க கேட்ல குடுத்துட்டு வந்தீங்களா? போவும்போது மறக்காம வாங்கிக்கோங்க."

அதற்குப் பிறகு அவர் தெலுங்குக்கு மாறிவிட்டார். முனியப்பண்ணன், "நாத்தத்தோட தக்காளிக்கு எப்பிடிப் பாய்ச்சறது? சந்தைல யாரு எடுப்பான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சார் சுவர் ஓரம் முழுக்க நடந்து பார்த்தார். ஓட்டை இல்லை, கசிவு இல்லை, வாய்க்கால் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் செல்வி, "அக்கா சொல்றது நெசந்தாங்க" என்றாள்.

"எனக்கு வாடை வரலியே."

"ஒங்களுக்கு எப்பிடி வரும்? தண்ணி ஒங்க சட்டை மாதிரியே நாறுது. தொவைக்கறவ நானு. எனக்குத் தெரியாதா?"

இதைச் சாரிடம் சொல்ல வேண்டும். மேனேஜர் அறைக் கதவு வரை போவேன், யாராவது உள்ளே இருப்பார்கள், திரும்பிவிடுவேன். யாரும் இல்லாவிட்டாலும் திரும்பினேன். முருகேசனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன், அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னலே, பொண்ணு பாக்கவா போற? உள்ள போயிச் சொல்லுலே. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா ஒம் பொண்டாட்டி ஒன் சட்டையப் பத்தி எங்கிட்ட சொன்ன மாதிரி ஆயிரும்."

அந்தப் பயத்தில் உள்ளே போனேன். சொன்னேன். சார் பேனாவை வைத்துவிட்டுத் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார்.

"எனக்கும் வாடை இல்லெ" என்றார். "அப்படின்னா நம்ம மூக்கு கெட்டுப்போயிருக்கு, கோவிந்தா. நல்ல மூக்கு இருக்கறவங்களக் கூட்டிட்டு வா."

மறுநாள் ரத்னம்மாக்கா முனியப்பண்ணனோடு கம்பெனிக்குள் வந்தார். கொண்டைக்கு மேல் ஹெல்மெட் உட்காரவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். சார் மேசைமேல் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார். போர் தண்ணீர், பாய்லர் தண்ணீர், குளிரூட்டும் தண்ணீர், சாம்பல் தொட்டித் தண்ணீர், பினாயில் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர். அக்கா ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார், மாம்பழம் பொறுக்குவது மாதிரி. மூன்றைத் தனியாகத் தள்ளிவைத்தார்.

"இந்த மூணும் ஒரு வூடு. இது பெரியவன், இது நடுவுளவன், இது கொழந்தை."

பெரியவன் பினாயில் தண்ணீர். நடுவிலவன் சாம்பல் தொட்டி. குழந்தை கிணறு.

சார் எழுந்து சாம்பல் தொட்டிக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். தொட்டியிலிருந்து சாம்பல் ஈரமாக வெளியே விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், கிணற்றைச் சுற்றிக் கிடந்த அதே சாம்பலைப் பார்த்தார். மழை பெய்யும்போதெல்லாம் அது ஊறி வடிந்து கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. சுவரில் ஓட்டை இல்லாததற்குக் காரணம் அதுதான். எல்லாம் கேட் வழியாக, டிராக்டரில், பகலில், செக்யூரிட்டி சல்யூட் அடித்து அனுப்பி வைத்தது.

"நானே ஏத்தினு போயிக் கொட்னனே" என்றார் முனியப்பண்ணன், கன்னடத்திலும் தமிழிலும்.

"கொடுத்தது நான்" என்றார் சார். "அந்தத் தண்ணிய சாம்பல்ல ஊத்தச் சொன்னதும் நான்." மேட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார். உடைக்கவில்லை. கொண்டுபோய்த் தன் மேசைமேலேயே வைத்தார். அது அங்கே வெகுநாள் இருந்தது.

கம்பெனியில் மேலே இருந்தவர்கள், ஒரு போர் போட்டுக் கொடுத்து முடித்துவிடலாம் என்றார்கள். அக்கா ஒப்பவில்லை.

"போரு போட்டா இங்க புழுதிதான் வரும். பக்கத்துக்காரங்க காட்டுல போயிப் பாருங்க. எனக்கு என் கெணறு வேணும். முன்ன எப்பிடி இருந்துச்சோ அப்பிடி."

சாரே மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதினார். வந்து பார்த்தார்கள். சாம்பலை அகற்றி, அடுத்த மழைக்காலத்துக்குள் கிணற்றைச் சுத்தம் செய்து, நிலத்துக்காரரின் கையெழுத்தோடு அறிக்கை தர வேண்டும், இல்லையென்றால் கேஸ் பிளான்ட்டை மூட வேண்டும் என்றார்கள். பிளான்ட் மூடினால் எங்கள் ஷிப்டுகள் எல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் எல்லோருடைய வேலையும் அக்காவின் மூக்கில் இருந்தது. அக்காவின் கிணறு எங்கள் கையில் இருந்தது.

தொட்டிக்கு அன்றே போர் தண்ணீர் திரும்பிவிட்டது. கிணற்றடிச் சாம்பலை அடியில் ஊறிய மண்ணோடு சேர்த்து வெட்டி எடுத்துக் மழை படாமல் கூரைக்கடியில் கொட்டினோம். கரித்தூள் உருண்டைக்குக் களிமண் வேண்டுமல்லவா, அதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக இதைப் பிசைந்தோம். அது திரும்ப உருளைக்குள் போனது. கிணற்றுத் தண்ணீரை எங்கே இறைப்பது என்பதுதான் கேள்வி. எந்த வாய்க்காலிலும் விட முடியாது. சார் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு வந்து சொன்னார்: "அதுவும் பினாயில் தண்ணிதானே. வந்த வழியிலயே போகட்டும்."

கோடையில் கரி காய்ந்து வரும். எங்கள் சொந்தப் பினாயில் தண்ணீர் குறைவு. கொதிக்கவைக்கும் கலனில் இடம் இருந்தது. முனியப்பண்ணனின் டிராக்டரிலேயே டேங்கர் மாட்டி, கிணற்றை இறைத்துக் கொண்டுவந்து ஆவியாக்கி உருளைக்குள் ஊதினோம். ஒரு கிணற்றை எரித்தோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எரித்தோம். அந்தக் கோடையில் அந்த வட்டாரத்தில் வெயிலில் வற்றாமல் நெருப்பில் வற்றிய கிணறு அது ஒன்றுதான்.

சொல்வது சுலபம். இவ்வளவு ஆவியை ஊதினால் நெருப்பு தாங்காது. கம்பியை உருவினால் சிவப்பு மங்கிச் சுருங்கிவரும். வாயு வலுவிழக்கும். ஃபோர்ஜிங்கிலிருந்து ஃபோன் வரும், இரும்பு வேகவில்லை, அடித்தால் வெடிக்கிறது என்று. டேங்கரைக் குறைத்தால் சிவப்பு வெளுக்கும், சாம்பல் பாறையாகும், முருகேசனும் நானும் கடப்பாரையோடு நிற்போம். வேறு வருடங்களில் ஷிப்டுக்கு ஒன்றிரண்டு தடவை இறக்கிய கம்பியை அந்தக் கோடையில் கீழே வைக்கவே இல்லை. உருவுவோம், இருவரும் பார்ப்போம், கீழே நிற்கும் சாருக்குக் கையால் காட்டுவோம். உள்ளங்கையை விரித்தால் ஆவி இன்னும் கொடுக்கலாம், மடக்கினால் குறைக்கணும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை.

கிணறு ஊற ஊற இறைத்தோம். குடிக்கவும் சமைக்கவும் கம்பெனி லாரியில் தண்ணீர் வந்தது. தக்காளி அந்தப் போகம் போடவில்லை. அதற்கான பணத்தைக் கம்பெனி கொடுத்தது. அக்கா வாங்கிக்கொண்டார், ஆனால் காய்ந்த காட்டைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு சொம்பை முகர்ந்துவிட்டு, "இருக்குது" என்பார். சார் குறித்துக்கொள்வார். ஒரு கட்டத்தில் லேப் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. சார் அதை எடுத்துக்கொண்டு போனார். அக்கா சொம்பை முகர்ந்து, "கொழந்தை தூங்குது. போவல" என்றார். சார் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவந்து, "இன்னும் இறைக்கலாம்" என்றார்.

"ரிப்போர்ட்டே வந்துட்டு சார்" என்றான் முருகேசன்.

"ரிப்போர்ட் அந்தக் கெணத்துல தண்ணி எடுக்காது" என்றார் சார்.

முதல் மழைகள் பெய்தன. கிணற்றில் தண்ணீர் ஏறியது. மறுபடி லேபுக்கு அனுப்பினோம். ஒன்றுமில்லை. அந்த வாரம் அக்கா முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். போய்விட்டது என்று சொல்லவில்லை. இருக்குது என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், சார் தானே பஸ் பிடித்து வந்துவிட்டார். கிணற்றடியில் ஒரு சொம்பு மொண்டு தரச் சொல்லி, நின்றபடியே முழுவதும் குடித்தார்.

அக்கா காலிச் சொம்பை வாங்கிப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் இருங்க சார்" என்றார்.

"எதுக்கும்மா?"

"பாக்கலாம்னுதான்."

சார் இருந்தார். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மத்தியானம் களியும் கீரைக் குழம்பும் வந்தது, சாப்பிட்டார். அக்கா வேலைக்கு நடுவில் வந்து வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தோம். வெயில் தாழ்ந்ததும் சார் எழுந்து, "போகட்டுமா?" என்று கேட்டார். அக்கா சரி என்று தலையாட்டினார். கையெழுத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அடுத்த நாள் விடிந்ததுமே அக்கா மாட்டுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டினார் என்று செல்வி சொன்னாள். கேட்டிலேயே செய்தி தெரிந்துகொண்ட சார் சாம்பல் மேட்டுக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

"மாடு?"

"அசை போடுதுங்க சார்."

அதற்கடுத்த நாள் அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டார். சார் காகிதத்தோடு போனார். முருகேசனும் நானும் கூடப் போனோம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னிக்கு நீங்க சாப்ட்டது லாரித் தண்ணில கெளறின களி" என்றார். "இன்னிக்குக் கெணத்துத் தண்ணில ஆக்கியிருக்கறேன். சாப்ட்டுட்டுப் போங்க."

சார் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்கும் தட்டு வைத்தார்கள். முனியப்பண்ணன் வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அக்காவும் தனக்கொரு தட்டைப் போட்டுக்கொண்டு சாருக்கு எதிரே உட்கார்ந்தார். சார் கையை நீட்டியதும், "இருங்க" என்று நிறுத்தினார். களியில் ஓர் உருண்டை பிய்த்து, குழம்பில் தொட்டு, முதல் வாயை அக்காவே போட்டுக்கொண்டார்.